கழிவு குறைய வேண்டுமா, கவனிப்பு கூடட்டும்

(கொடைரோடு அருகே முதியோர் குடியிருப்பு ஒன்றில், அங்கு வசிப்போர், பணியாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மறுசுழற்சி பற்றியும் நீடித்த வாழ்வு பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் யார் மேடை ஏறினாலும் பச்சைக் கூடை, நீலக் கூடை என்றுதான் தொடங்குவார்கள். கூடைகளுக்கு நானும் வருவேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்தின் குப்பைக்கும் இப்படிப்பட்ட ஓர் இல்லத்தின் குப்பைக்கும் அளவில் மட்டும் வேறுபாடு இல்லை. இல்லத்தின் குப்பையைக் கிளறிப் பார்த்தால் அங்கே இருப்பவர்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். சாப்பாட்டு மிச்சம் அதிகமா, டயப்பர் அதிகமா, பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடக்கின்றனவா, யாரோ கொடுத்துவிட்டுப் போன கிழிந்த துணி மூட்டையாகக் கிடக்கிறதா: ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்கிறது. ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். இங்கே கழிவைக் குறைக்க வேண்டுமானால் கவனிப்பைக் கூட்ட வேண்டும். கவனிப்பைக் குறைத்துக் கழிவைக் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

ஒதுக்கப்பட்டவர்கள் காட்டிய வழி

கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலை நம் நாட்டில் எங்கே தொடங்கியது தெரியுமா? பெரிய ஆலையிலோ அரசு ஆய்வுக்கூடத்திலோ தொடங்கவில்லை. பம்பாயில், மாட்டுங்காவில், வீடு வாசல் இல்லாத தொழுநோயாளிகளுக்காக 1890-இல் ஒரு காப்பகம் அமைத்தார்கள். ஊரே தொட மறுத்தவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அங்கே சேர்ந்த கழிவுநீரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, அதை மூடிய தொட்டியில் தேக்கி, அதிலிருந்து எழுந்த வாயுவைப் பிடித்து விளக்கெரித்தார்கள். அது 1897-ஆம் ஆண்டு. தொட்டியிலிருந்து வெளியேறிய நீர் காப்பகத்தின் தோட்டத்துக்குப் போயிற்று. அந்தத் தோட்டத்தில் நோயாளிகளே வேலை செய்தார்கள். இந்திய சாண எரிவாயுவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் காப்பகத்தைத் தாண்டிப் போக முடியாது. இன்று உங்களைப் போன்ற ஓர் இல்லம் சமையல்கட்டுக் கழிவில் அடுப்பெரித்தால் அது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை ஆகாது. நம் நாட்டுக் காப்பகம் ஒன்று நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவைத்த வேலை அது.

அதே மகாராஷ்டிரத்தில், விடுதலைக்குப் பிறகு வந்த சில ஆண்டுகளில், வரோரா அருகே பாபா ஆம்தே ஆனந்தவனத்தை உருவாக்கினார். கையில் பதினான்கு ரூபாய், ஒரு நொண்டிப் பசு, ஆறு தொழுநோயாளிகள். தரிசு நிலத்தில் கிணறு தோண்டினார்கள், பயிர் வைத்தார்கள், தறி போட்டார்கள். தானம் மனிதனைத் தேய்த்துவிடும், வேலைதான் அவனை நிமிர்த்தும் என்பது ஆம்தேயின் உறுதி. பின்னாளில் அங்கே பழைய டயர்களும் பிளாஸ்டிக் கழிவும்கூடத் தடுப்பணைக்கும் மெத்தைக்கும் பயன்பட்டன. எதையும் வீணாகத் தூக்கி எறிவதில்லை என்ற பழக்கம் அங்கே வேரூன்றக் காரணம் உண்டு. அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் தூக்கி எறியப்பட்டவர்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். கொடைரோட்டில் திண்டுக்கல் போகும் ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் அம்பாத்துரை. அதை ஒட்டியிருக்கிறது காந்திகிராமம். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகே அதைத் தொடங்கினார்கள். சௌந்தரம் யார்? டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். விதவை என்று ஒரு மூலையில் உட்காரவைக்கும் வழக்கம் கெட்டியாக இருந்த காலத்தில் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார், மறுமணம் செய்துகொண்டார், பின்னர் மத்திய அரசில் துணை அமைச்சராகவும் இருந்தார். அவர் உருவாக்கிய இடத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், முதியோர் இல்லம், கஸ்தூரிபா மருத்துவமனை, கதர், மூலிகை மருந்துத் தயாரிப்பு எல்லாம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வளர்ந்தன. 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. கவனிப்பு தனி, தொழில் தனி, படிப்பு தனி என்று அவர்கள் பிரிக்கவில்லை. பராமரிக்கும் இடமே பொருள் விளைவிக்கும் இடமாகவும் இருக்கலாம் என்று காட்டினார்கள்.

தெற்கே, மதுரையைத் தாண்டி தே. கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் தணிக்கைக் கணக்கு படித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, காந்தியின் அழைப்பில் கிராமக் கைத்தொழிலுக்கு வந்தவர். சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் உயிர்கள் வாழும் முறைகளை ஐந்து படிகளாக அடுக்குகிறார். கொன்று தின்னும் புலி அடிப்படியில் நிற்கிறது. எதுவும் நடாமல் தோப்பில் பழம் பறித்துப் போகும் குரங்கு அதற்கு அடுத்த படியில். தானே கூடு கட்டும் பறவை, கூட்டாக உழைக்கும் தேனீ என்று மேலே போய், உச்சியில் அவர் வைப்பது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையை. கைம்மாறு கேட்காமல் பராமரிக்கிற உழைப்புக்குத்தான் அவர் முதலிடம் கொடுத்தார்.

கவனியுங்கள். சுற்றுச்சூழல் என்ற சொல் மேடைக்கு மேடை முழங்காத காலத்தில், உலகம் நிலைத்திருக்க எது வழி என்று யோசித்த ஒரு கணக்கர், கணக்கின் முடிவில் பராமரிப்பில் வந்து நின்றார். முதியோரைக் காப்பதும் மண்ணைக் காப்பதும் ஒரே குணத்தின் இரண்டு வேலைகள். இந்த இல்லத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிடும் பெண்கள் அந்தக் குணத்தை ஏற்கெனவே உடையவர்கள். அவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு இல்லை. அவர்களுக்கு நேரமும் கருவியும் கூலியும் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் சொல்லும் கடமைதான் இருக்கிறது.

மிச்சச் சோறு சொல்லும் கதை

இனிக் காரியத்துக்கு வருகிறேன். முதலில் சமையல்கட்டு.

ஒவ்வொரு வேளையும் தட்டுகளிலிருந்து வழித்துக் கொட்டும் வாளியை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எந்த வேளையில் அதிகம் மிஞ்சுகிறது, எந்தப் பண்டம் அப்படியே திரும்பி வருகிறது, யாருடைய தட்டு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பல்செட் பொருந்தாதவர் பொரியலை ஒதுக்கியிருப்பார். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவருக்குச் சாப்பாடு தாமதமாக வந்திருக்கும், பசி போயிருக்கும். கை நடுங்குபவருக்குச் சாம்பார் சோறு அள்ள வராது. மனம் சரியில்லாதவர் நாலைந்து நாளாகவே இரவில் தட்டைத் தொட்டிருக்க மாட்டார். அவருக்குத் தேவை பேச்சுத்துணை, சில வேளை மருத்துவர். அந்த நோட்டைச் சமையல்காரரும் செவிலியரும் சேர்ந்து படித்தால், சோற்றைக் கொஞ்சம் குழைய வடிப்பது, இரவு உணவை முன்கூட்டியே பரிமாறுவது, கைப்பிடி தடித்த கரண்டி வாங்குவது போன்ற சின்னத் திருத்தங்களிலேயே வாளி காலியாகத் தொடங்கும். வாளி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உணவு உடம்பில் சேர்கிறது. உரக்குழி தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அதற்குப் பிறகும் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், கசடு, கொஞ்சம் எச்சில் சோறு மிஞ்சத்தான் செய்யும். மாடு இருந்தால் கழுநீரும் காய்த்தோலும் அதற்கு. மாடு இல்லாத இடத்தில் இரண்டு வழிகள். ஒன்று சிறிய எரிவாயுக் கலன். தினமும் பத்துக் கிலோ சமையல் கழிவு போட்டால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் வாயு, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சமையல் எரிவாயுவுக்குச் சமம். கணக்குப் போட்டால் மாதம் ஒரு வீட்டு சிலிண்டர். கலனிலிருந்து வரும் சேறு தோட்டத்துக்கு உரம். ஆனால் கலன் வைத்த நாளில் எல்லோரும் கூடிப் படம் எடுத்துக்கொள்வார்கள், ஆறு மாதத்தில் அது ஓரமாகக் கிடக்கும். எலுமிச்சைத் தோலையும் புளித்த மோரையும் கொட்டினால் உள்ளே புளிப்பு ஏறி வாயு நின்றுவிடும். முட்டை ஓடும் எலும்பும் போட்டால் அடியில் தங்கும். கலனைத் தன் பொறுப்பாக ஏற்கும் ஒரு ஆள் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

இரண்டாவது வழி உரக்குழி. இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஈரக் கழிவை மட்டும் கொட்டினால் நாறும், புழு நெளியும், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட வேண்டும். வேப்பிலைச் சருகு, புங்கஞ்சருகு, தென்னை மட்டைத் தூள், எது கிடைத்தாலும் சரி. கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. சரியாகப் போட்ட குவியல் உள்ளுக்குள் 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்தச் சூட்டில் நோய்க் கிருமியும் களை விதையும் செத்துப்போகும். வாரம் ஒரு முறை புரட்டிவிட்டால் இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு உரம் தயார். சர் ஆல்பர்ட் ஹோவார்ட் இந்தூரில் நம் விவசாயிகளிடம் கற்று முறைப்படுத்திய இந்த வழியைக் காந்தி 1935-இல் அங்கே போய் நேரில் பார்த்தார்.

சருகு என்றதும் இன்னொன்று. மாலையில் இலையையும் பிளாஸ்டிக்கையும் கூட்டிச் சேர்த்துக் கொளுத்துகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. மூச்சிரைப்பு உள்ள பெரியவர்கள் இருக்கும் இடத்தில் அது செய்யக் கூடாத காரியம். பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். உரத்துக்கு வேண்டிய சருகைப் புகையாக்கி, அந்தப் புகையைப் பெரியவர்களின் நுரையீரலில் அடைக்கிறோம். தீப்பெட்டியை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

யாரும் பேச விரும்பாத மூட்டை

இப்போது எல்லோரும் தவிர்க்கிற ஒரு விஷயம். டயப்பர்.

முதியோர் இல்லத்துக் குப்பையில் மிகவும் கனமான மூட்டை இதுதான். இதை மக்க வைக்க முடியாது. வெளியுறை பிளாஸ்டிக், உள்ளே நீரை உறிஞ்சிக் கூழாகும் செயற்கைப் பொருள். இதைக் குழியில் புதைப்பதும் கொளுத்துவதும் கழிப்பறையில் தள்ளுவதும் தவறு. பயன்படுத்தியதைச் சுருட்டி, பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, தனி மூட்டையாகக் கட்டி, உள்ளாட்சி வண்டியில் தனியாகக் கொடுக்க வேண்டும். சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. சுற்றாமல் போட்டால் அதைக் கையால் பிரிக்கப் போகிறவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவரும் யாரோ ஒரு வீட்டின் தாய், தகப்பன்.

ஆனால் டயப்பர் எண்ணிக்கையைக் குறைக்க வழி இருக்கிறது. அடக்க முடியாமல் போகிறவர்கள் எல்லோருக்கும் நாள் முழுவதும் டயப்பர் தேவை இல்லை. பலருக்குக் கழிப்பறைக்குப் போய்ச் சேர நேரம் போதவில்லை, அவ்வளவுதான். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே கைப்பிடிக் கம்பி இல்லை, இரவில் விளக்கு இல்லை, கூப்பிட்டால் வர ஆள் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பணியாளர் வந்து, "வாங்கம்மா, ஒரு தடவை போயிட்டு வந்துரலாம்" என்று கைபிடித்து அழைத்துப் போகும் பழக்கத்தை முதியோர் மருத்துவம் பரிந்துரைக்கிறது. அப்படிச் செய்தால் பலருக்குப் பகலில் டயப்பர் தேவைப்படாது. தோல் புண்ணும் குறையும், மானமும் மிஞ்சும். இதற்குக் கூடுதல் ஆள் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளத்தைச் சுற்றுச்சூழல் செலவு என்றே கணக்கில் எழுதுங்கள்.

தேவைப்படுகிறவருக்கு டயப்பர் தேவைதான். பூமியைக் காக்கிறேன் என்று ஒரு தாத்தாவை ஈரத்துணியில் படுக்க வைக்கிற இல்லம் எதையும் காக்கவில்லை.

மருந்துக் கழிவும் அப்படித்தான். இன்சுலின் ஊசியைச் சாதாரணக் கூடையில் போடக் கூடாது. குத்தினால் துளைக்காத தடித்த டப்பாவில் போட்டு, மூடி, நீங்கள் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை வழியாக மருத்துவக் கழிவில் சேர்க்க வேண்டும். காலாவதியான மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. அதைவிட, காலாவதியாகும் அளவுக்கு ஏன் சேர்கிறது என்று கேளுங்கள். மருத்துவர் மாத்திரையை மாற்றியிருப்பார், பழைய அட்டை அலமாரியிலேயே இருக்கும். ஒருவருக்கு ஒன்பது பத்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், எது இன்னும் தேவை என்று யாரும் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை எல்லா மருந்தையும் மேஜையில் பரப்பி மருத்துவரிடம் காட்டினால், கழிவும் குறையும், தலைசுற்றி விழுவதும் குறையும்.

மலைமேல் நடந்ததை மறக்க வேண்டாம்

பழைய இரும்புக் கடைக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. நம் ஊர் ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. அமெரிக்காவில் மூடிய ஆலையின் இயந்திரங்கள் 1980-களில் இங்கே வந்தன. பின்னர் அது இன்று இந்துஸ்தான் யூனிலீவர் எனப்படும் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001-ஆம் ஆண்டு, அந்த ஆலையிலிருந்து வந்த பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் வெளிப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவின் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. தொழிலாளர்களுக்கான உடன்பாடு வர 2016 ஆயிற்று. மண்ணைச் சுத்தப்படுத்தும் விவகாரம் அதற்குப் பிறகும் நீண்டது.

அந்தக் கடையில் கிடந்தது பார்வைக்கு வெறும் உடைந்த கண்ணாடி. கண்ணாடி மறுசுழற்சிக்கு உகந்த பொருள்தான். ஒட்டியிருந்த பாதரசம்தான் கேடு செய்தது. இந்த இல்லத்தின் மருந்தறையிலும் பழைய பாதரச தெர்மாமீட்டரோ, ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியோ இருக்கலாம். குழல்விளக்கிலும் பாதரசம் உண்டு. காதொலிக் கருவியின் பொத்தான் பேட்டரிகள் குவிந்துகொண்டே இருக்கும். இவற்றைத் தனி டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு என்று எழுதி ஒட்டி, உரிய இடத்தில் கொடுங்கள். மறுசுழற்சி என்றால் எல்லாவற்றையும் யாரிடமாவது தள்ளிவிடுவது என்று அர்த்தம் ஆகிவிடக் கூடாது.

நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த மாவட்டத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிலால் திண்டுக்கல்லைச் சுற்றிய கிணறுகள் உப்பேறிக் கெட்ட கதையை இங்கே பல பெரியவர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை கெட்ட கிணறு ஒரு தலைமுறையில் மீள்வதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டக்காரருக்கும் நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை அனுப்புகிறவருக்கும் தண்ணீரின் அருமை தெரியும். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது போட்ட குழாய்கள் பல இடங்களில் இன்று சுவரில் சும்மா தொங்குகின்றன. மழைக்கு முன் மாடியைக் கூட்டி, வடிகட்டும் தொட்டியின் மணலைக் கழுவிப் போடுங்கள். குளியல் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுங்கள். முற்றத்தில் தண்ணீர் தேங்காது. தேங்காவிட்டால் டெங்குக் கொசு இல்லை, பாசி இல்லை, வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதும் இல்லை. இங்கேயும் மண்ணுக்கு நல்லது எதுவோ அதுவே பெரியவர்களுக்கும் நல்லது.

கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்களும் கொடை கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். பிறந்தநாள், திருமண நாள், திதி என்று வந்து ஒரு வேளை சாப்பாடு போடுகிறீர்கள். நல்ல மனசு. ஆனால் முகூர்த்த மாதத்தில் ஒரே நாளில் இரண்டு பேர் பிரியாணியும் இனிப்பும் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சர்க்கரை நோயாளி சாப்பிட முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில் அண்டாவைச் சாய்த்துக் கொட்டும் வேலை சமையல்கார அம்மாவுக்கு. கேக் வந்த தெர்மாகோல் பெட்டி, பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் இங்கேயே தங்கிவிடும். இப்படி ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாடு தடைசெய்திருக்கிறது.

பழைய துணியும் அப்படித்தான். வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்த அன்று கிழிந்த சட்டை, ஜிப் போன சுரிதார், பொத்தான் இல்லாத பேன்ட் எல்லாம் மூட்டையாக இங்கே வந்துவிடுகின்றன. எழுபத்தைந்து வயது பாட்டி அந்தச் சுரிதாரை என்ன செய்வார்? தூக்கி எறிய வேண்டியதை இங்கே கொண்டுவந்து வைத்தால் அது தானம் ஆகாது, இடம் மாற்றியது மட்டும்தான். உங்கள் தாய் உடுத்தத் தயங்காத துணியைக் கொடுங்கள். பருத்திப் புடவையும் வேட்டியும் கிழிந்திருந்தாலும் துவைத்துக் கொடுங்கள். விரிப்பும் தைக்கலாம், கைத்துணியும் கிழித்து வைக்கலாம்.

நிர்வாகம் ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டட்டும். இந்த மாதம் எங்களுக்குத் தேவை: எவர்சில்வர் தட்டு, துவரம் பருப்பு, கழிப்பறைக் கைப்பிடி, ஒருவருக்குப் பல்செட், இரவுப் பணியாளருக்கு ஒரு மாதச் சம்பளம். சாப்பாடு போட விரும்புகிறவருக்கு நாள் ஒதுக்கிக் கொடுக்கும் ஒரு நாட்காட்டி இருக்கட்டும். சமையல் இங்கேயே நடக்கட்டும். வருகிறவர்கள் மஞ்சப்பையோடு வரட்டும், வெறும் பையோடு போகட்டும்.

மனிதருக்குப் பழக்கம் மாறாது என்று சொல்வார்கள். நீலகிரியில் 2022-இல் மதுக்கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்தன. உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் வந்த ஏற்பாடு அது. காட்டில் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பத் தொடங்கின. குடித்துவிட்டு வீசுகிறவர்களையே ஒரு விதி திருத்துமானால், அன்போடு வருகிற கொடையாளரைத் திருத்த ஒரு பலகை போதாதா?

வேலை யாருடையது?

கடைசியாக, இங்கே வசிக்கும் பெரியவர்களிடம் பேச வேண்டும். பிளாஸ்டிக் வருவதற்கு முன் வீடு நடத்திய தலைமுறை நீங்கள். எண்ணெய்க்குத் தூக்குவாளி, காய்க்குக் கூடை, பாத்திரத்துக்குச் சாம்பலும் பீர்க்கங்கூடும், தென்னை ஓலையில் விளக்குமாறு, கிழிந்த வேட்டியில் குழந்தைக்கு அணையாடை. இளைஞர்கள் இன்று பயிலரங்கு வைத்துக் கற்பதை நீங்கள் கையாலேயே செய்தவர்கள். அந்த அறிவு உங்களோடு போய்விடக் கூடாது. பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் வரவழைத்து, விளக்குமாறு கட்டவும் விதை சேமிக்கவும் புடவை விரிப்பு தைக்கவும் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் உங்களுக்குக் கைப்பேசி சொல்லிக் கொடுக்கட்டும்.

உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு. கீரை ஆய்வது, காகிதம் அடுக்குவது, விதை பொறுக்குவது, நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பது, மிச்சச் சோற்று நோட்டை எழுதுவது. நோட்டு எழுத ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் இங்கே இல்லாமலா போவார்? ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த வேலை விருப்பமாக இருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் உழைத்து முதுகு வளைந்த ஒரு பாட்டி, "நான் சும்மா உட்கார்ந்திருக்கேன், என்னை விடுங்க" என்றால் அவரை விட்டுவிடுங்கள். அது அவர் சம்பாதித்த ஓய்வு. பெரியவர்களைக் கூலியில்லா வேலைக்காரர்கள் ஆக்குகிற பசுமைத் திட்டம் வேண்டாம். குப்பையைத் தரம் பிரிக்கும் கனமான, அழுக்கான வேலைக்குச் சம்பளம் பெறும் ஆள், கையுறை, காலணி, கைகழுவச் சோப்பு எல்லாம் இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் இடத்திலும் நீங்கள் உட்கார வேண்டும். என்ன சமைப்பது, என்ன வாங்குவது, தோட்டத்தில் என்ன நடுவது என்று மாதம் ஒரு முறை கூடிப் பேசுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த கத்தரிக்காய் தட்டில் வந்தால் அது குப்பைக்குப் போகாது.

இந்த இல்லத்திடம் நான் கேட்பது மூன்றே காரியங்கள். நாளைக் காலையிலிருந்து மிச்சச் சோற்று நோட்டைத் தொடங்குங்கள். இந்த மாதமே கழிப்பறைப் பாதையில் கைப்பிடியும் இரவு விளக்கும் போட்டு, அழைத்துப் போக ஒரு ஆளை வையுங்கள். அடுத்த மழைக்கு முன் உரக்குழியைத் தயாராக்கி, அதன் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். கூடைகளுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதை அதற்குப் பிறகு சாவகாசமாக முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் வாசலிலிருந்து வெளியேறும் மூட்டை எவ்வளவு சிறிதாகிறது என்பதை எடை போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பவர்களின் உடம்பும் மனமும் தேறியதால் அது சிறிதாகியிருந்தால் மட்டுமே அந்த எடைக்கு மதிப்பு. அப்படி ஓர் இல்லமாக இது ஆகட்டும்.